வவுனியா நகரத் திட்டம்: முதல் கோடு குளங்களுக்கு

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் வவுனியா முதன்முறையாக ஒரு மாநகரசபையைத் தெரிவு செய்தது. அதற்கு முன் நடந்த 2018 தேர்தலில் அது நகரசபை. தரம் உயர்ந்த கையோடு நகரின் நீண்டகால அபிவிருத்தித் திட்டத்தையும் புதுப்பிக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே எழும். அகலமான வீதி, மாடிக் கட்டடங்கள், பூங்கா, வாகனத் தரிப்பிடம் என்று ஆளாளுக்கு மனதில் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலுக்குப் போவதற்கு முன் குடிசன மதிப்பீட்டின் இரண்டு எண்களைப் பார்த்துவிடுவது நல்லது.

2012 குடிசன மதிப்பீட்டில் வவுனியா மாவட்டத்தில் இருந்தவர்கள் 172,115 பேர். 2024 மதிப்பீட்டின் முதற்கட்ட அறிக்கையில் 172,257 பேர். பன்னிரண்டு வருடத்தில் கூடியது நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆண்டு வளர்ச்சி 0.01 சதவீதம், நாட்டின் 25 மாவட்டங்களில் ஆகக் குறைந்தது இதுதான். ஆகக் கூடியதும் இதே வன்னிக்குள்தான் பதிவாகியிருக்கிறது: பக்கத்து முல்லைத்தீவில் 2.23 சதவீதம்.

இதை வைத்துக்கொண்டு வவுனியா வளரவில்லை என்று சொன்னால் ஊரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். மன்னார் வீதியிலும் ஹொரவப்பொத்தானை வீதியிலும், தாண்டிக்குளம் தாண்டி ஓமந்தைப் பக்கமும் கடைகளும் மதில்களும் நீண்டுகொண்டே போகின்றன. வயலாகக் கிடந்த இடத்தில் காணித்துண்டு விற்பனைக்கென்று பலகை நிற்கிறது. இரண்டும் உண்மைதான். மீள்குடியேற்றத்தோடு பலர் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்பிப் போனார்கள். இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். இருப்பவர்களில் பலர் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கிட்ட இருக்கவேண்டும் என்று பட்டினத்துப் பக்கம் வருகிறார்கள். முன்பு ஒரே வளவுக்குள் இருந்த மூன்று குடும்பம் இப்போது மூன்று வளவில் இருக்கிறது. வெளிநாட்டுக் காசில் எழும்பிய வீடுகளில் சில பூட்டியே கிடக்கின்றன. ஆட்கள் கூடவில்லை, ஆட்கள் பிடிக்கும் நிலம் கூடியிருக்கிறது. அதோடு, வங்கிக்கும் மாவட்டப் பொது வைத்தியசாலைக்கும் மொத்தக் கடைகளுக்கும் என்று பகலில் வந்து பின்னேரம் திரும்பிப் போகிறவர்களை எந்தக் குடிசன மதிப்பீடும் வவுனியாக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்த நகரத் திட்டமும் சனத்தொகை மதிப்பீட்டில்தான் தொடங்கும். இன்ன ஆண்டில் இத்தனை பேர் இருப்பார்கள் என்று ஒரு எண்ணை எழுதுவார்கள். அதிலிருந்து எத்தனை வீடு, எவ்வளவு குடிநீர், எத்தனை ஏக்கர் குடியிருப்பு வலயம் என்று மற்றதெல்லாம் பிறக்கும். அந்த முதல் எண் பிழைத்தால் அடுத்த பக்கங்கள் அத்தனையும் பிழைக்கும். வராத ஆட்களுக்காக வயலைக் குடியிருப்பு வலயமாகத் திறந்துவிட்டால் பிறகு அதை மூடமுடியாது. காணி விலை ஏறிவிடும், துண்டு பிரிந்துவிடும். ஆகவே புதுப்பித்தல் என்பதன் முதல் வேலை, பழைய திட்டம் எதை எதிர்பார்த்தது, எது நடந்தது என்று வரிக்கு வரி ஒப்பிடுவது. இது இல்லாமல் வருகிற புதுத் திட்டம் பழையதற்கு அடித்த புது வர்ணமாகத்தான் இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. ஒரு பகுதியை அமைச்சர் வர்த்தமானி மூலம் நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவித்தால், அதற்கு அபிவிருத்தித் திட்டம் தயாரிக்கும் அதிகாரம் அந்த அதிகார சபைக்கு வருகிறது. இந்தத் திட்டம் தயாரிக்கும் ஏற்பாடு 1982ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. வரைவு முடிந்ததும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு 60 நாள் வைக்கவேண்டும். அந்த நாட்களுக்குள் யாரும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். பிறகு அமைச்சரின் அங்கீகாரம், வர்த்தமானி. அதன் பின் அந்த எல்லைக்குள் வீடு கட்டவோ காணி பிரிக்கவோ கடை போடவோ கேட்டு வருகிற ஒவ்வொரு விண்ணப்பத்தையும் அந்தத் திட்டத்தை வைத்தே பார்ப்பார்கள். திட்ட வரைபடத்தில் குடியிருப்பு, வர்த்தகம் என்று ஒவ்வொரு வலயத்துக்கும் ஒரு நிறம். அதனால்தான் திட்டம் வெளிவந்ததும் சனம் கேட்கிற முதல் கேள்வி, "எங்கட காணி என்ன நிறத்தில கிடக்கு?" என்பதாக இருக்கிறது. சரியான கேள்விதான். ஆனால் அந்த நிறம் எப்படி வந்தது என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

வவுனியாவின் இன்றைய உருவத்தை எந்தத் திட்டமும் கீறவில்லை. யுத்தம் கீறியது. 1990க்குப் பிறகு வடக்கே போகிற ரயிலுக்கு வவுனியாவே கடைசி நிலையம் ஆனது. ஏ9 வீதி மூடியும் திறந்தும் மூடியும் கிடந்தது; 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் திரும்பவும் மூடியது. ஓமந்தைச் சோதனைச் சாவடிக்குத் தெற்கே கிடைத்த மேட்டுக்காணியில் எல்லாம் இடம்பெயர்ந்தவர்கள் குடியேறினார்கள். பூந்தோட்டம், நெளுக்குளம், வேப்பங்குளம் என்று முகாம்கள் எழும்பின. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைபட்டிருந்தார்கள். கடைசி முகாம் 2012 செப்டம்பரில்தான் மூடப்பட்டது. அவசரத்தில் ஆளுக்கொரு துண்டு பிரித்துக் கொடுத்தபோது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்க்க யாருக்கும் நேரமிருக்கவில்லை. அன்று அது உயிர் காக்கிற வேலை, அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இன்று நேரம் இருக்கிறது. இன்றும் பார்க்காமல் விட்டால் அது வேறு விஷயம்.

தண்ணீர் ஓடும் பக்கம் என்று சொன்னேன். வவுனியாவை நில வரைபடத்தில் பார்த்தால், இது ஆறுகள் பிரிகிற மேடு. மாவட்டத்துக்குள் எழும்புகிற கனகராயன் ஆறு வடக்கே போய் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தை நிரப்புகிறது. பேராறு கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் இறங்குகிறது. மேற்கே போகிற நீர் மன்னார்க் கரைக்குப் போகிறது. இந்த மேட்டில் பெரிய ஆறு ஓடாது; ஆகவே முன்னோர் சிறு குளங்களைத் தொடராகக் கட்டினார்கள். மேல் குளம் நிரம்பி வான் (மிஞ்சிய நீர் வழிகிற இடம்) பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வாய்க்கால் வழியே வயலுக்கும், வயலில் மிஞ்சியது கீழ்க் குளத்துக்கும் போகும். வவுனியாக்குளம், வைரவபுளியங்குளம், பண்டாரிக்குளம், தாண்டிக்குளம், இறம்பைக்குளம் எல்லாம் இன்று பட்டினத்துக்குள்ளும் அதன் ஓரத்திலும் கிடக்கின்றன. இவற்றில் எதையும் தனியாக எடுத்துப் பேசமுடியாது. ஒரு குளத்தின் அலைகரையை, அதாவது நீர் பரவி நிற்கிற ஓரத்தை, தூர்த்தால் அதன் விளைவு இரண்டு குளம் தாண்டி, யாரோ ஒருவரின் சமையலறைக்குள் தெரியும்.

கார்த்திகை மாதத்தில் இரவு முழுக்க மழை பெய்தபின் பட்டினத்து ஓரத்து ஒழுங்கை ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். குளம் வான் பாயும் சத்தம் கேட்கும். பாய்ந்த தண்ணீர் பழைய கழிவு வாய்க்காலை, அதாவது குளத்தில் மிஞ்சிய நீர் போகிற வாய்க்காலை, தேடி வருகிறது. வாய்க்கால் இருந்த இடத்தில் ஒரு வளவின் பின்மதில் நிற்கிறது. தண்ணீர் மதிலோரமாகத் திரும்பி ஒழுங்கைக்குள் இறங்குகிறது. ஒழுங்கை முன்பு தாழ்வாகக் கிடந்தது. கொங்கிறீற் போட்டபோது அரை அடி உயர்ந்துவிட்டது. ஆகவே ஒழுங்கையை விடத் தாழ்ந்துபோன பழைய வீடுகளின் படலைக்குள்ளால் தண்ணீர் போகிறது. வீதியைக் கடக்க அதற்கு இருக்கிற ஒரே வழி ஒரு சிறிய குழாய் மதகு. அதன் வாயில் பிளாஸ்டிக் போத்தலும் வாழைத்தண்டும் அடைத்து நிற்கின்றன. வீட்டுக்காரர் மண்மூடை அடுக்குகிறார், அடுத்த வீட்டுக்காரர் தன் பக்கம் தண்ணீர் வருகிறது என்று சண்டைக்கு வருகிறார். இரண்டு பேரும் பிழை செய்யவில்லை. இருவருக்கும் கட்டட அனுமதி கொடுத்த வரைபடத்தில் அந்த வாய்க்கால் இல்லை, பிழை அங்கேதான் இருக்கிறது.

வரைபடத்தில் அது இல்லாமல் போனதற்கும் காரணம் உண்டு. 80 ஹெக்டேயருக்கு, அதாவது சுமார் 200 ஏக்கருக்குக் குறைவான வயலுக்குப் பாய்கிற குளங்கள் சிறு குளங்கள். அவை கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழ் வரும். அதைவிடப் பெரியவை நீர்ப்பாசனத் திணைக்களங்களுக்கு. வீதியோர வடிகால் வீதிக்குப் பொறுப்பான அமைப்புக்கு, ஒழுங்கை மாநகரசபைக்கு, அரச காணி பிரதேச செயலகத்துக்கு. குளம் ஒன்றின் கட்டு ஒரு கந்தோரிலும் அதன் வான்வழி இன்னொரு கந்தோரிலும் கோப்பாகக் கிடக்கிறது. வயல் நிரப்புவதற்கு 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். ஆனால் வயல் தரிசாகி, பற்றையாகி, மேட்டுக்காணி என்று விற்பனையாகும்போது அந்தச் சட்டத்தை யார் கையில் எடுப்பது? ஒவ்வொரு கந்தோரும் மற்றதைக் கைகாட்டும். இந்த இடைவெளியை அடைக்கக்கூடிய ஒரே ஆவணம் நகரத் திட்டம்தான், ஏனென்றால் எல்லாத் திணைக்களங்களின் கோடுகளையும் ஒரே தாளில் போடும் கடமை அதற்கு மட்டுமே இருக்கிறது.

நகரத்தின் பெயரைத் தாங்கிய வவுனியாக்குளத்திலேயே ஒரு பகுதியை மண் போட்டு நிரப்பிப் பொழுதுபோக்கிடம் அமைத்ததற்கு எதிராக ஊர் மக்கள் திரண்டதை எல்லோரும் அறிவோம். பூங்கா வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. குளத்தின் வயிற்றில் வேண்டாம் என்றார்கள். குளத்தின் உச்ச நீர்மட்ட எல்லையும் அதன் ஒதுக்கமும் திட்டத்தில் அளந்து குறித்து வர்த்தமானியில் போயிருந்தால் அந்தப் போராட்டத்துக்கே தேவை வந்திராது.

என் வாதம் இதுதான். புதுத் திட்டத்தின் அடித்தாளில் முதல் கீறவேண்டியது குளம், அலைகரை, கட்டு, வான், கழிவு வாய்க்கால், கீழ்க் குளம் என்ற தொடர். அதை இறுதி செய்தபின் எஞ்சிய மேட்டில் வீதியும் வீடும் வியாபாரமும் வரட்டும். வழக்கமாக நடப்பது தலைகீழ்: முதலில் வீதி, அதன் இருபுறமும் வர்த்தக வலயம், பின்னால் குடியிருப்பு, கடைசியில் மிஞ்சிய பள்ளங்களுக்குப் பச்சை வர்ணம். அந்தப் பச்சைக்குள் குளம் இருக்கும், குளத்துக்கு வருகிற வழியும் போகிற வழியும் இராது.

கிணற்று நீரும் இதோடு சேர்ந்ததுதான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக் கல், வவுனியா கருங்கற் பாறை. பாறைக்கு மேலே சிதைந்த மண்படையில் நிற்கிற கொஞ்ச நீர்தான் கிணற்றில் ஊறுகிறது, அதை நிரப்பி வைப்பது பெரும்பாலும் பக்கத்துக் குளம். குளம் தூர்ந்தால் சித்திரை வெயிலுக்குக் கிணறு வற்றும். காணி சிறுத்துப் பத்துப் பேர்ச்சஸ் ஆனபின் கிணறும் மலசலகூடக் குழியும் நெருங்கிவிட்டன. பக்கத்து வளவின் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பாரில்லை. மாவட்டத்தின் சில கிராமங்களில் சிறுநீரக நோய் ஏற்கெனவே பெரும் துன்பம். பேராற்றை மறித்து அமைத்த நீர்த்தேக்கத்திலிருந்து குழாய்நீர் வந்தது பெரிய ஆறுதல், அதை நன்றியோடு சொல்லவேண்டும். ஆனால் குழாய்நீர் உள்ளே வந்தால் கழிவுநீரும் அந்த அளவுக்கு வெளியே போகவேண்டுமே. அது எங்கே போகிறது என்ற கேள்விக்குத் திட்டத்தில் ஒரு முழு அத்தியாயம் வேண்டும், ஒரு பந்தி போதாது.

அடுத்தது எல்லை. மாநகரசபையின் எல்லைக்கு வெளியே வவுனியா தெற்குத் தமிழ்ப் பிரதேச சபை, தெற்குச் சிங்களப் பிரதேச சபை, வடக்குப் பிரதேச சபை, வெங்கலசெட்டிகுளம் பிரதேச சபை என்று நான்கு இருக்கின்றன. பட்டினம் இந்த எல்லைகளைப் பார்த்து வளரவில்லை. வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குவது மன்னார் வீதியில், பம்பைமடுவில். மாணவர் விடுதி, சாப்பாட்டுக்கடை, ஆட்டோத் தரிப்பிடம் எல்லாம் அதன் பின்னால் வரும். பட்டினத்துக் குப்பை போவதும் அதே பம்பைமடுப் பக்கம்தான். சாளம்பைக்குளத்து மக்கள் குப்பை வண்டிகளை மறித்து நின்றிருக்கிறார்கள். கழிவை வெளியே தள்ளிவிட்டு உள்ளே மட்டும் வர்ணம் தீட்டுகிற திட்டத்தை நகரத் திட்டம் என்று சொல்லமுடியாது. ஐந்து சபைகளும் சேர்ந்து ஒப்பமிட்ட ஒரே நீர், கழிவு, போக்குவரத்துத் திட்டம்தான் வவுனியாவுக்குப் பொருந்தும்.

சேர்ந்து தீர்மானிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது. 2016இல் பொருளாதார மத்திய நிலையம் ஓமந்தையிலா தாண்டிக்குளத்திலா என்று வடக்கின் அரசியலே இரண்டுபட்டது. கடைசியில் அது மதவுவைத்தகுளத்தில் எழும்பியது. கட்டி முடித்தபின் நீண்டகாலம் திறக்காமலே கிடந்தது. 2017இல் திறந்த புதிய பேருந்து நிலையமும் அரச பேருந்துக்கும் தனியார் பேருந்துக்கும் இடையே இழுபறியாகியது. பேருந்து எங்கே நிற்கவேண்டும் என்பதைப் பயணியும் கடைக்காரரும் ஆட்டோக்காரரும் நடத்துனரும் முதலே சேர்ந்து பேசியிருக்கவேண்டும். இரண்டிலும் காசு இருந்தது, கட்டடம் இருந்தது. இடத்தைத் தீர்மானிக்கிற முறை மட்டும் இருக்கவில்லை.

காணி உறுதி பற்றியும் ஒரு சொல். வவுனியாவைச் சுற்றி உள்ள காணிகளில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி, அதாவது பெர்மிட் காணி. பிரதேச செயலாளரின் அனுமதி இல்லாமல் விற்கவோ பிரிக்கவோ முடியாது. நடைமுறையில் வெள்ளைத்தாளில் எழுதிக் கைமாறிக்கொண்டே இருக்கிறது. அப்படி வாங்கியவர் கட்டட அனுமதிக்கு வந்தால் ஆவணம் பொருந்தாது. அனுமதி இல்லாமலே கட்டுவார், பிறகு மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் அலைவார். திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் காணிகளுக்கு உறுதி கொடுக்கிற வேலை கூடவே நடக்காவிட்டால், ஊரில் பாதி அந்தத் திட்டத்துக்கு வெளியேதான் இருக்கும்.

கிளிநொச்சியின் நிலை இன்னும் விசித்திரம். 1984இலிருந்து மாவட்டத் தலைநகர். அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன, 2013 செப்டம்பரில் ரயில் திரும்பி வந்தது. ஆனால் நகரசபை இல்லை. கரைச்சிப் பிரதேச சபைதான் பட்டினத்தை நிர்வகிக்கிறது. இலங்கையில் மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் வாழ்பவரை மட்டுமே குடிசன மதிப்பீடு நகர்ப்புறத்தவர் என்று கணக்கெடுக்கும். ஆகவே 2012 கணக்கில் 113,510 பேர் இருந்த கிளிநொச்சி மாவட்டத்தின் நகர்ப்புறச் சனத்தொகை பூச்சியம். முல்லைத்தீவுக்கும் அதே பூச்சியம்தான். பிரதேச சபைப் பகுதியையும் நகர அபிவிருத்திப் பிரதேசமாக அறிவிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் வடிகால் பொறியியலாளர், திட்டமிடல் உத்தியோகத்தர், தீயணைப்பு என்று வரும்போது சபையின் தரம்தான் பேசும். 2018 டிசம்பரில் ஒரே இரவில் கொட்டிய மழையில் இரணைமடுவின் கதவுகள் திறந்து, கீழ்ப்பக்க ஊர்கள் மூழ்கியதை மறக்கமுடியாது. வவுனியாவில் எழும்புகிற கனகராயன் ஆற்று நீர்தான் அங்கே போய் நின்றது. இரண்டு பட்டினத்தின் திட்டக்காரரும் ஒரே ஆற்றுப் படத்தை விரித்து வைத்துப் பேசவேண்டும் என்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

மக்கள் பிரதிநிதிகளின் பங்கைப் பற்றியும் கவலை இருக்கிறது. வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின் அந்தத் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சிச் சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து, 2025 மே வரை உத்தியோகத்தர்களின் கையில்தான் இருந்தன. அந்த இரண்டு வருடத்தில் கேள்வி கேட்க உறுப்பினரே இல்லை. இப்போது இருக்கிறார்கள். வரைவு வெளியாகும் வரை காத்திராமல், திட்டமிடல் குழுவை இப்போதே சபைக்கு அழைத்து விளக்கம் கேட்கலாம், நான்கு பிரதேச சபைகளையும் அதே கூட்டத்துக்கு அழைக்கலாம்.

வரைவை மக்கள் பார்வைக்கு வைக்கிற அந்த 60 நாள் பற்றி நடைமுறையாகச் சில விஷயம். வரைவை ஒரு கந்தோரின் மேசையில் வைத்துவிட்டு மக்கள் வரவில்லை என்று சொல்வது போதாது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த பெரிய வரைபடம் ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் பள்ளிவாசலிலும் கோயில் மண்டபத்திலும் தொங்கவேண்டும். ஆட்சேபம் எழுதுகிறவர்கள் "இந்தத் திட்டம் வேண்டாம்" என்று பொதுவாக எழுதினால் பதிலும் பொதுவாகத்தான் வரும். இன்ன கிராம அலுவலர் பிரிவு, இன்ன குளம், அதன் வான் இன்ன வளவுக்குப் பின்னால் போய் இன்ன மதகில் விழுகிறது, வரைவின் இன்ன இலக்கப் படத்தில் அது விடுபட்டிருக்கிறது என்று எழுதினால் அதைத் தள்ளிவிட முடியாது. கமக்காரர் அமைப்பிலுள்ள வயதானவர்களுக்கு இந்த வழிகள் எல்லாம் மனப்பாடம். அவர்களோடு கைத்தொலைபேசியில் இடம் குறிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருவர் மாரிகாலத்தில், கார்த்திகையோ மார்கழியோ, வான் பாய்கிற நாளில் நடந்தால் ஒரு குளத்தொடரின் படம் ஒரு காலைக்குள் வந்துவிடும். செய்மதிப் படத்தில் வறண்டு தெரிகிற பள்ளம் அன்று தண்ணீராகத் தெரியும். நில அளவையாளர் அந்தப் புள்ளிகளை வைத்து எல்லைக்கல் நடட்டும். வலயம் பிரிக்கிற கூட்டத்தை அதற்குப் பிறகு, தை மாதத்தில் வைத்துக்கொள்ளலாம்.